ஒரே ஒரு எண்ணிக்கை

மணி பதினொண்ணு பத்து. பன்னெண்டுக்கு என் தம்பி பொண்டாட்டி பெனிட்டா கூப்பிடுவா, அதுக்குள்ள நான் சரின்னு சொல்றதா வேண்டாமான்னு முடிவு பண்ணணும், ஏழு வருசமா பண்ணாத முடிவை ஐம்பது நிமிசத்துல பண்ணணும், நல்ல கூத்துதான். ரூம்ல நான் மட்டும். கட்டடத்துல தரைக்குக் கீழ இருக்கிற தளம், ஜன்னல் கிடையாது, ஏசி குளிர் முட்டியில ஏறுது, நடுவுல ஈயச் செங்கல் அடுக்கின பெட்டி, அதுக்குள்ள கருவி, கருவி தலைமேல என் டப்பா, டப்பாவுக்குள்ள கல்லு. எங்க ஊர்ல என் வேலை என்னன்னு கேட்டா யாருக்கும் ஒழுங்காச் சொல்லத் தெரியாது, கடல் ஆபீஸ்ல வேலைன்னு முடிச்சிருவாங்க. இந்தியப் பெருங்கடலுக்கு அடியில, ரெண்டாயிரத்து எழுநூறு மீட்டர் ஆழத்துல, தரை பிளந்து வெந்நீர் கொப்பளிக்கிற இடங்க இருக்கு. அந்த வெந்நீர் கொண்டுவர்ற தாது எல்லாம் படிஞ்சு படிஞ்சு செங்கல் சூளைப் புகைக்கூண்டு மாதிரி நிமிந்து நிக்கும். அதுல கப்பல்காரங்க ஒடச்சிட்டு வர்ற துண்டுக்கு வயசு சொல்றவ நான். கல்லுக்குள்ள ரேடியம் இருக்கு, அது தானா அழிஞ்சுகிட்டே வரும், ஆயிரத்து அறுநூறு வருசத்துல பாதியாப் போகும், எவ்வளவு மிச்சம்னு எண்ணிட்டா கல்லு எப்போ உண்டாச்சுன்னு கணக்கு வந்துரும். ஆனா ரேடியம் அழிஞ்சு ரேடான்னு ஒரு வாயு ஆகும், அந்த வாயுவோட வாரிசுகளைத்தான் எண்ண முடியும், வாயுன்னா கசிஞ்சு ஓடிப்போகும். அதனால பொடியாக்கி, டப்பாவுல அடைச்சு, மூடியைச் சுத்திப் பசை தடவி, டேப் ஒட்டி, மூணு வாரம் தொடாம வைக்கணும். எனக்கு இந்த மூணு வாரம் காத்திருக்கிறதுதான் இந்த வேலையிலேயே பிடிச்ச விஷயம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, டப்பா மூடி வச்சிருக்குன்னு சொல்லிட்டாப் போதும்.

பேப்பர் முன்னாடி விரிச்சு வச்சிருக்கேன். பெனிட்டா காலையில அனுப்பின போட்டோவைப் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்தேன், போன் மேல்தளத்து லாக்கர்ல இருக்கு, இங்க போன் கொண்டுவரக் கூடாதுன்னு சட்டம், சட்டம் போட்டதும் நான்தான், போன் அலை கருவியோட எண்ணிக்கையைக் குழப்பும்னு. வக்கீல் தமிழ். 'மேற்படி ததேயு என்பவர் நவம்பர் மாதம் பதினாறாம் தேதிக்குப் பிறகு உயிருடன் இருப்பதாக அவரது உறவினர் எவருக்கும் எவ்விதத் தகவலும் கிடைக்கப்பெறவில்லை என உறுதி கூறுகிறேன்.' கீழ என் பேரு, ஜெசிந்தா, உடன்பிறந்த தமக்கை, பக்கத்துல கோடு. எவருக்கும். இந்த எவருக்கும்ங்கிற சொல்லைத் தாண்டி என் கண்ணு போக மாட்டேங்குது, பல்லு இடுக்குல மாட்டின நார் மாதிரி நாக்கு அங்கேயே போய்ப் போய் வருது. ஏழு வருசம் யாருக்கும் தகவல் இல்லாட்டி ஒருத்தர் செத்துட்டதாக் கோர்ட்டு எடுத்துக்கும். சர்ச்சுச் சாமியாரும் அந்தக் கோர்ட்டுத் தாளைப் பார்த்துட்டுத்தான் பெனிட்டாவுக்கு ரெண்டாங்கல்யாணம் கட்டிவைப்பார். ஐஸ் கம்பெனியில வேலை பாக்குற ஒருத்தர், பொண்டாட்டி இல்லாதவர், நல்ல மனுசன்னு சொல்றாங்க. போன வாரம் பெனிட்டா சொல்லும்போது அவ குரல்ல இருந்த பயம், என்கிட்ட அனுமதி கேக்குற மாதிரி, "மைனி, நீங்க தப்பா நினைச்சிறாதீய"ன்னா. நான் தப்பா நினைக்கிறதா. முப்பத்தொரு வயசுல புருசனைக் கடல்ல விட்டுட்டு, எங்கம்மாவுக்கு மூணு வருசம் படுக்கையில பீ மூத்திரம் அள்ளி, அடக்கமும் பண்ணினவ. மகராசியாப் போய் வாழட்டும். ஒரு சரி சொன்னா முடிஞ்சுது. சரிங்கிறது எவ்வளவு சின்ன வார்த்தை.

பதினாறாம் தேதி. ஊர் முழுக்க, கோயில் முழுக்க, ஏழு வருசமா அதுதான் தேதி. அன்னைக்கு விடியக்காலைதான் புயல் திசை மாறுச்சு, தம்பி வள்ளத்துல மொத்தம் நாலு பேரு, ரெண்டு நாள் கழிச்சு வள்ளம் கவுந்தபடி ஒதுங்குச்சு, ரெண்டு பேர் உடம்பு கெடச்சுது, தம்பியும் இன்னொருத்தரும் கெடைக்கல. வருசா வருசம் பதினாறாம் தேதி பூசைக்குக் கொடுப்பாங்க, பெனிட்டா என்னைக் கூப்பிடுவா, நான் போக மாட்டேன், கருவியில டப்பா ஓடுது, பாதியில விட்டுட்டு வர முடியாதும்பேன். மூணு நாளைக்கு முன்னாடிகூட அதையேதான் சொன்னேன். அவ நம்பிட்டா, அவ எப்பவும் நம்பிருவா, படிச்சவங்க சொன்னா சரியா இருக்கும்னு. நான் போகாததுக்குக் காரணம், அந்தத் தேதி தப்பு. தப்பான தேதியில முழங்கால் போட்டு நிக்க எனக்கு முடியல. இன்னைக்குத்தான் தேதி. பத்தொம்பது. உலகத்துல எனக்கு மட்டும் தெரிஞ்ச தேதி.

வயசு சொல்றதுல என்னை மிஞ்ச ஆள் இல்லேன்னு டெல்லியிலகூட சொல்றாங்களாம். ததேயுவும் சொல்லுவான், அவன் சொல்றது வேற மாதிரி. "எங்கக்கா கல்லுக்கு ஜாதகம் எழுதுற ஆளு, ஒனக்கு எத்தனை கொழந்தைன்னு கேளு, சொல்லுவா"ன்னு அவன் சேக்காளிகள்கிட்ட. ஒரு தடவை பெனிட்டாவையும் கூட்டிட்டு மெட்ராஸ் வந்தான், இந்த ரூமைக் காட்டினேன், வாசல்ல நின்னு எட்டிப் பார்த்தான், செருப்பைக் கழட்டவா அக்கான்னு கேட்டான். டப்பா எதுக்குன்னு கேட்டான். வாயுகூட வெளிய வர முடியாதுடா, அப்படி அடைப்போம்னேன். "வாயுவே வராதுன்னா தண்ணி உள்ள போகாதுல்லா"ன்னு டப்பாவைக் கையில உருட்டிப் பார்த்தான். அவன் மூளை அப்படி, பள்ளிக்கூடம் பத்தோட நின்னுபோச்சு, அதுக்கும் நான்தான் காரணம், வீட்டுல ஒருத்தரைத்தான் படிக்கவைக்க முடியும்னப்போ அவனே போய் வள்ளத்துல ஏறிட்டான், அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டினது கிடையாது. பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒண்ணும் டேப் ஒரு சுருளும் கொடுத்தேன். கடலுக்குப் போகும்போது போனை அணைச்சு, அதுக்குள்ள போட்டு, மூடி, டேப் சுத்தி, இடுப்புத் துணியில முடிஞ்சுக்குவான்னு பெனிட்டா சொன்னா. சொல்லும்போது சிரிச்சா, ஒங்க தம்பி சம்சாரத்தைவிட அந்த டப்பாவை நல்லாப் பாத்துக்கிடுதாவ மைனின்னு. என் டப்பா கசியல. அதுதான் விஷயம். மூணு நாள் கடல் தண்ணியிலயும் கசியல.

பதினொண்ணு இருபத்தாறு. கருவித் திரையில எண்ணிக்கை ஏறுது, ஒவ்வொரு அணு அழியும்போதும் ஒரு கோடு ஒரு புள்ளி உயருது, சாவைத்தான் உக்காந்து எண்ணிக்கிட்டிருக்கேன், இத்தனை வருசமா இது எனக்கு உறைக்கல. அன்னைக்கும் இதே நாற்காலி. புயல் அடிச்சு மூணாம் நாள், ஊருக்குப் போயிருக்கணும், ரயில் எல்லாம் நின்னுபோச்சுன்னு ஒரு சாக்கு, உண்மையிலேயே ரெண்டு நாள் நின்னுச்சு, மூணாம் நாள் ஓடுச்சு, நான் ஏறல. அம்மா அழுறதைப் பார்க்கப் பயம். அதைவிட இங்க உக்கார்ந்து எண்ணினா மனசு அடங்கும். பத்து மணிக்குக் கீழ இறங்கினேன், அஞ்சு மணிக்கு மேல ஏறினேன், லாக்கரைத் திறந்தா போன்ல ஒரு தவறிய அழைப்பு. தம்பி. பதினொண்ணு நாப்பத்திரெண்டு. ஒரே ஒரு தடவை. உடனே கூப்பிட்டேன், அணைச்சு வச்சிருக்குன்னு பொம்பளை குரல் சொல்லுச்சு. எனக்கு என்ன தோணுச்சுன்னு சொன்னா காறித் துப்புவீங்க. வந்துட்டான்னு தோணுச்சு. கரையேறிட்டான், சார்ஜ் போட்டிருப்பான், வீட்டுல கூட்டமா இருக்கும், நாளைக்குப் பேசுவான்னு தோணுச்சு. கண்ணுல தண்ணி வந்துருச்சு. கேன்டீனுக்குப் போய் ரெண்டு வடை வாங்கித் தின்னேன், மூணு நாளாப் பசியே இல்லாதவ, சட்னி இன்னும் கொஞ்சம் ஊத்துங்கன்னு கேட்டு வாங்கித் தின்னேன். வீட்டுக்கு ஒரு போன் போடலையே பாவி. போட்டிருந்தா அந்த நிமிசமே தெரிஞ்சிருக்கும், அவன் வரலைன்னு. போன் பேசுச்சுன்னா டவர் பக்கத்துல இருக்கான்னு, கரையில இருந்து பதினஞ்சு இருபது கிலோமீட்டருக்குள்ள மிதக்குறான்னு, எந்த டவர்னு கேட்டா எந்தப் பக்கம்னு தெரியும்னு, சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் கீழ வந்து அடுத்த டப்பாவைக் கருவியில ஏத்தினேன்.

மறுநாள் காலையில எட்டு மணிக்குக் கூப்பிட்டேன், சிரிச்சுக்கிட்டேதான் கூப்பிட்டேன். பெனிட்டா எடுத்தா. "ஒரு தகவலும் இல்ல மைனி, இன்னைக்குச் சாய்ங்காலத்தோட தேடுறதை நிறுத்திருவாவளாம்"ன்னா. நான் வாயைத் திறந்தேன். சத்தியமாத் திறந்தேன். திறந்த வாய்க்குள்ள ஒரே ஒரு யோசனை வந்து உக்காந்துச்சு. சொன்னா, நேத்தே ஏன் சொல்லலைன்னு கேப்பாங்க. அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். தம்பி உயிரைவிட அந்தக் கேள்வி எனக்குப் பெருசாத் தெரிஞ்சுது. இதை வேற எப்படிச் சொன்னாலும் அது பொய்.

ஆனா நான் படிச்சவ இல்லையா, பயந்தேன்னு ஒத்துக்க முடியுமா, அதுக்கு ஒரு கணக்கு வேணும். கணக்கு தயாரா இருந்துச்சு. இந்தக் கருவியில ஒண்ணுமே வைக்காம விட்டாலும் அது எண்ணும். சுவத்துல இருந்து ஒண்ணு, வானத்துல இருந்து ஒண்ணு, என் உடம்புல இருந்துகூட ஒண்ணு, எங்கேயோ இருந்து எதுவோ வந்து இடிச்சிட்டுப் போகும், அதைப் பின்னணின்னு கழிச்சிருவோம். அப்புறம் பிழைக் கணக்கு. நூறு எண்ணினா பத்து முன்னப் பின்ன இருக்கலாம். பத்தாயிரம் எண்ணினா நூறு முன்னப் பின்ன. ஒண்ணே ஒண்ணு எண்ணினா பிழையும் ஒண்ணு. அப்படின்னா ரெண்டாவும் இருக்கலாம், ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். ஒரே ஒரு எண்ணிக்கையை வச்சுக்கிட்டு எந்த முடிவும் சொல்லக் கூடாது, இதை நான் எத்தனை பேருக்குத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கேன். தம்பி ரெண்டு தடவை கூப்பிட்டிருந்தா சொல்லியிருப்பேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். டப்பா மட்டும் மிதந்து வேற யார் கையிலயாவது கெடச்சிருக்கலாம், யாராவது அமுக்கிப் பார்த்திருக்கலாம், தரவு போதாது, தரவு போதாது. அந்தச் சாயந்திரம் தேடுறதை நிறுத்தினாங்க. என் கணக்குல ஒரு தப்பும் கிடையாது, எந்தப் பேராசிரியர்கிட்ட காட்டினாலும் சரின்னுதான் சொல்லுவார். ஏழு வருசமா அந்தச் சரியை வச்சுக்கிட்டு நான் தூங்குற லட்சணம் எனக்குத்தான் தெரியும்.

எப்படிக் கூப்பிட்டிருப்பான். எனக்கு இந்த இடம் வந்தா நினைப்பு நிக்காது. ஈரக் கையில டேப் பிரிக்க வந்திருக்காது, நான் கொடுத்த டேப் லேசுல பிரியாது, பல்லால கடிச்சிருப்பான். மூணு நாள் குடிக்கத் தண்ணி இல்லாத வாய். கவுந்த வள்ளத்தோட ஒதுங்காம பலகை எதையாவது பிடிச்சிருந்திருப்பான், இல்ல கேன், இல்ல வலையோட மிதவை. கரை விளக்கு முந்தின நாள் கண்ணுல பட்டிருக்கும், டவர் கெடைக்கும்னு அவனுக்குத் தெரியும், அதுவரைக்கும் டப்பாவைத் திறக்கக் கூடாதுன்னு அடக்கிக்கிட்டு இருந்திருப்பான், அவன் அப்படிப்பட்ட ஆளு. திறந்து, போனை உசுப்பி, ஒரு கையில தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு. மணி அடிச்சிருக்கும். அவன் காதுல என் போன் மணி அடிச்சது கேட்டிருக்கும். எத்தனை மணி கேட்டிருப்பான், முப்பது நொடி அடிக்கும், நாப்பது நொடி அடிக்கும், அந்த நாப்பது நொடியும் அக்கா எடுப்பான்னு. அப்போ நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னு நோட்டுல இருக்கு, நான் எல்லாத்தையும் எழுதி வைக்கிறவ. பதினொண்ணு நாப்பது, பின்னணி எண்ணிக்கை திருப்தி, அப்படின்னு என் கையெழுத்து.

பதினொண்ணு நாப்பத்தொண்ணு. வருசா வருசம் இந்த நிமிசத்துக்கு நான் கீழதான் இருப்பேன், கதவைச் சாத்திக்கிட்டு. நாப்பத்திரெண்டு. ஏசி ஓடுது. திரையில கோடு ஏறுது. வாய்க்குள்ள செபம் வரும்னு பார்த்தேன், வரல, இந்தக் கல்லோட வயசு உத்தேசமா ஆயிரத்து எண்ணூறு வருசம் வரும்னுதான் வருது, முன்னப் பின்ன நூறு. நூறு வருசம் தப்பினாலும் பிரமாதம்னு கைதட்டுவாங்க. எனக்கு மூணு நாள் வித்தியாசம். நாப்பத்து மூணு. முடிஞ்சுது. சரின்னு சொல்லிரு ஜெசிந்தா. எதுக்கு இப்போ போய் அவளைக் கிளறணும், மூணு நாள் தண்ணியில கெடந்தான்னு கேட்டா அந்தப் பிள்ளை இனி எப்படித் தூங்கும், புதுசா ஒருத்தர்கூட வாழப் போறவ. அவ நல்லதுக்குத்தான். ஆமா, எல்லாம் அவ நல்லதுக்குத்தான், ஏழு வருசமா எல்லாரோட நல்லதுக்காகவும் நான் வாயை மூடிக்கிட்டு இருக்கேன், எங்கம்மா சாகுற நல்லதுக்கும் சேத்து. கேவலம். பேனாவை எடுத்து எவருக்கும்ங்கிற சொல்லைச் சுத்தி ஒரு வட்டம் போட்டேன். போட்டுட்டு அதையே பார்த்துக்கிட்டிருந்தேன். வட்டம் கோணாம வந்திருந்துச்சு, அது எனக்கே அசிங்கமா இருந்துச்சு.

அஞ்சு நிமிசம் முன்னாடியே மேல ஏறிட்டேன். லாக்கர்ல இருந்து போனை எடுத்து மாடிப்படியிலேயே உக்காந்தேன். சரியா பன்னெண்டுக்கு அடிச்சுது, ரெண்டாவது மணிக்குள்ள எடுத்தேன். பின்னால பஸ் சத்தம், வக்கீல் ஆபீஸ் வாசல்ல நிக்கிறா போல. "பாத்துட்டியளா மைனி? நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா பிரிண்ட் எடுத்துருவாரு. நான் இன்னைக்கே வண்டி ஏறி நாளைக்குக் காலையில வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போயிருதேன், ஒங்களுக்கு அலைச்சல் வேண்டாம்"ன்னா. நான் சரின்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தேதி தப்பு பெனிட்டா"ன்னு வந்துச்சு.

"எந்தத் தேதி?"

"பதினாறு இல்ல. பத்தொம்பது. பத்தொம்பதாம் தேதி தம்பி எனக்குப் போன் பண்ணினான். நான் எடுக்கல. போன் மேல இருந்துச்சு, நான் கீழ இருந்தேன்." அப்புறம் எல்லாத்தையும் சொன்னேன், வடை தின்னதைக்கூடச் சொன்னேன், மறுநாள் அவகிட்ட வாயைத் திறந்து மூடினதையும் சொன்னேன், கணக்கை மட்டும் சொல்லல. பஸ் ஒண்ணு ஹாரன் அடிச்சிட்டுப் போச்சு. போயிட்டாளோன்னு நினைச்சு பெனிட்டான்னு கூப்பிட்டேன். "இருக்கேன்"ன்னா.

"எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு நாப்பத்திரெண்டு."

"அந்த வாரம் பூராவும் நான் போனைக் கீழ வைக்கல மைனி"ன்னா, ரொம்ப நிதானமா, மார்க்கெட்டுல என்ன வாங்கினேன்னு சொல்ற குரல்ல. "குளிக்கப் போகும்போதுகூடக் கவர்ல போட்டு எடுத்துட்டுப் போனேன். என்னைக் கூப்பிட்டிருந்தா எடுத்திருப்பேன்."

"ஆமா, நீ எடுத்திருப்ப."

"ஒங்களைத்தான் கூப்பிட்டிருக்காவ. அக்கா பெரிய ஆளு, ஆபீசர்மாருட்ட பேசி ஆளனுப்புவான்னு." அவ அழுவான்னு காத்திருந்தேன், அழுதாத் தேவலைன்னு இருந்துச்சு, திட்டினாக்கூடத் தேவலை. அழல. தாளைப் புரட்டுற சத்தம் கேட்டுச்சு. "வக்கீல்ட்ட பத்தொம்பதுன்னு மாத்தச் சொல்லுதேன். ஒங்களுக்குப் போன் வந்ததையும் எழுதச் சொல்லுதேன். நாளைக்கு வாரேன். கையெழுத்து மட்டும் போடுங்க, என்கிட்ட வேற ஒண்ணும் பேசாதீய."

"சரி"ன்னேன். அந்தச் சின்ன வார்த்தை கடைசியில இதுக்குத்தான் ஆச்சு.

"இன்னைக்குப் பத்தொம்பதுதான?"

"ஆமா."

"மணி என்ன இப்போ?"

போனைக் காதுல இருந்து எடுத்துப் பார்த்தேன். "பன்னெண்டு ஏழு."

"அப்போ அன்னைக்கு இந்நேரம் அவரு, நீங்க திருப்பிக் கூப்பிடுவியன்னு போனையே பாத்துக்கிட்டு இருந்திருப்பாரு"ன்னா. வச்சிட்டா.